பட்டாட்டா வந்த வழி

கேத்தி

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தே நாளை ஓட்டாதே, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. இங்கே எல்லோரும் சுகம். கார்போகத்துக்கு உருளை நட்டாயிற்று. மேல்காட்டில்தான், கொஞ்ச காலமாக அங்கே காரட்டும் பூண்டுமே போட்டு வந்தோம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மும்பைக்காரர்கள் பொட்டேட்டோவைப் பட்டாட்டா என்று திரித்து, அதில் வடையும் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். திரித்தது அவர்கள் இல்லையப்பா, இங்கிலீஷ்காரன். கரீபியன் தீவுகளில் இருந்த தாய்னோ மக்களின் சொல் 'பட்டாட்டா'. ஸ்பெயின், போர்ச்சுகல்காரர்கள் வாயில் ஏறி அது ஊர் சுற்றியது. போர்ச்சுகீசியர் இறங்கிய மேற்குக் கரையில் ஏறக்குறைய அதே உருவில் தங்கிவிட்டது. நீ தின்னும் வடையின் பெயர்தான் அசலுக்குப் பக்கம்.

ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் பட்டாட்டா என்றது நம் உருளையை அல்ல, சர்க்கரைவள்ளிக் கிழங்கை! உருளை பிறந்தது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில். அங்கே கெச்சுவா மொழியில் அதற்குப் பெயர் 'பாப்பா'. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பொட்டேட்டோ என்றால் முதலில் சர்க்கரைவள்ளிதான். உருளை பின்னால் வந்தபோது அதே பெயரை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். 1597இல் ஜான் ஜெரார்டு தன் மூலிகை நூலில் இதை 'வர்ஜீனியா பொட்டேட்டோ' என்று எழுதினார். வர்ஜீனியாவுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. போகப் போக வெறும் பொட்டேட்டோ என்றால் உருளை என்று ஆகி, பெயருக்குச் சொந்தக்காரன் 'ஸ்வீட்' என்று முன்னால் ஒரு ஒட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். தென் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் இன்றும் பாப்பாதான்.

அப்புறம், இங்கிலீஷில் உருளைக்கு உள்ள 'ஸ்பட்' என்ற செல்லப்பெயர் ஏதோ உருளை எதிர்ப்புச் சங்கத்தின் முதலெழுத்துகள் என்று உன் பேரன் அனுப்பியது சுத்தக் கட்டுக்கதை. ஸ்பட் என்பது மண் கிளறும் சின்னக் கருவி. கிளறிய கருவியின் பெயரே கிழங்குக்கும் வந்துவிட்டது. நம் ஆட்கள் உருண்டையாக இருந்ததைப் பார்த்து உருளைக்கிழங்கு என்றார்கள், வம்பில்லை.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் துரை காலத்தில் இந்த நீலகிரி மலைக்கு ஏறியது கிழங்கு. அதன் ஆண்டீஸ் சொந்தக்காரன் ஒருவனும் எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்தான்: உருளையின் வேரை உறிஞ்சும் நூற்புழு. நீலகிரியில் அதைக் கண்டுபிடித்தது 1961இல். வாடின செடியைப் பிடுங்கி வேரை உதறிப் பார், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். அவை பெண் புழுக்கள். முற்றிப் பழுப்பானதும், ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. உருளை போடாவிட்டாலும் வருஷக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும். காரட்டும் பூண்டும் அதைப் பட்டினி போடத்தான். முத்தோரை ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் போனால் நூற்புழுவைத் தாங்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகத்தைச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் பலருக்கு 'குஃப்ரி ஜோதி' ரகத்தைக் கைவிட மனசில்லை, எனக்கும்தான். ருசி அப்படி.

மகசூல் நன்றாக வந்தால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும்முன் உனக்கு ஒரு மூட்டை எடுத்துவைக்கிறேன். யாராவது மும்பைப் பக்கம் வருகிறார்களா என்று விசாரித்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு