ஐப்பசி மழைக்குள் அந்தச் சுவரை மூடுங்கள்

செப்டம்பர் 2019

கொச்சியின் பழங்கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓணத்தை ஒட்டிப் பெய்த மழையில் மட்டாஞ்சேரியில் யூதர்களின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் முன்பக்கம் இடிந்து விழுந்ததை அறிவீர்கள். 1544-இல் எழுந்த கட்டடம், அங்கே தொழுதவர்கள் இஸ்ரேலுக்குப் போன பிறகு கிடங்கான கதையெல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். மிச்சமிருக்கும் சுவர்களை ஐப்பசி மழைக்குள் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

பல வருடமாக, பழைய யூதத் தெருவான ஜூ டவுனில் மிளகு, ஏலக்காய் வியாபாரம் செய்யும் தமிழன் நான். சுவர் விழுந்த சில நாளில் ஒரு வயதான அம்மா கடைக்கு வந்தார். சிறுமியாக இங்கிருந்து இஸ்ரேலுக்குப் போனவர், இன்னும் மலையாளம் பேசுகிறார். ஆட்டோக்காரர் அவரை, வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் கட்டிய பரதேசி ஆலயத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். "அது பரதேசிப் பள்ளி. எங்க பள்ளி எங்கே?" என்று கேட்டார். இங்கே ஜெப ஆலயத்தையும் பள்ளி என்போம். கடவும்பாகத்துக்குக் கூட்டிப்போனேன். அவருடைய அம்மா பெண்களோடு மாடியில் நின்று தொழுவாராம். பேசிக்கொண்டே சுவரைத் தொட்டார். ஈரமான வெட்டுக்கல் (செம்மண் நிறப் பாறையில் வெட்டிய கல்) விரல் பட்டதும் உதிர்ந்தது. செம்மண் ஒட்டிய கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சுண்ணாம்புப் பூச்சு போய்விட்டால் வெட்டுக்கல் மழையைக் குடித்தே கரைந்துவிடும். இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். சுவரில் ஆலங்கன்று முளைத்தபோதே ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். "தனியார் சொத்து, பார்க்கலாம்" என்றார்கள். யாரும் வரவில்லை.

பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் ஜெப ஆலயங்களைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியது இதே அரசுதான். ஆகவே செய்யத் தெரியாது என்று சொல்ல முடியாது. கடவும்பாகத்தின் உள் மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம்மிடம் விட்டுப்போனது வெறும் சுவர்கள். அவற்றைக்கூடக் காப்பாற்றவில்லை. ஜூ டவுனைக் காட்டித்தான் ஊருக்கே சுற்றுலா வருமானம். அதில் ஒரு தார்ப்பாய்க்குக் கூடவா பணமில்லை?

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உரிமை, இழப்பீடு, சீரமைப்பு எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் சுவரை மூடுங்கள், விழுந்த கல்லையும் மரத்தையும் யாரும் அள்ளிப்போகாமல் ஒரு காவலாளை நிறுத்துங்கள். ஏணியும் கயிறும் நாங்கள் தருகிறோம், சுமை தூக்கும் தோழர்களும் வருவார்கள். தயவுசெய்து நாளைக்கே ஆளனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஜூ டவுன் வியாபாரி ஒருவன்