இங்கேயாவது கண்ணைத் திற

அன்புள்ள அக்கா,

வரும் வியாழன் அம்மாவின் திதி. போன வருஷம் நான் வரவில்லை. இந்த வருஷம் வருகிறேன். வருவதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. விபஸ்ஸனா தியான முகாம்களில் உதவி ஆசிரியர் ஆவதற்கான பயிற்சிக்கு போன வாரம் சரி என்று சொல்லிவிட்டேன்.

போனில் சொல்லலாம்தான், நீ எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதையெல்லாம் ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பிறகு நீ படிக்கிறாய் என்று பாப்பா சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அத்தான் படிப்பார், சித்தப்பா வீட்டிலும் படிப்பார்கள். என்னோடு முகாமில் உட்கார்ந்தவர்கள் சிலரும் படிப்பார்கள். ஆகவே வீட்டு விஷயத்தையும் வளையல் விஷயத்தையும் நான் தொடப்போவதில்லை. தியானத்தில் எனக்கு என்னென்ன நேர்ந்தது என்றும் எழுதமாட்டேன், அதைப் பேசித் திரிவது எங்களிடம் வழக்கமில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். மறந்திருக்க மாட்டாய். நான் மகாராஷ்டிரத்து இகத்புரியில் இருபது நாள் தியான முகாம் முடித்து, மும்பை வந்து, திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மணி ஆறு இருக்கும். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மடியில் மஞ்சள் பை, அதில் பில் கட்டு. "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாய். அம்மாவின் தலைமுடியை யாரோ ரப்பர் பேண்ட் போட்டு உச்சியில் கட்டியிருந்தார்கள். சின்னப் பெண் மாதிரி இருந்தாள். இடது கையில் ஊசி ஏற்றிய இடத்திலிருந்து முழங்கை வரை கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை. நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு நாள் காதில் நின்றிருக்காது. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், "டேய், இங்கேயாவது கண்ணைத் திற" என்றாய்.

அதற்கு அம்மா சொன்னாள், "விடுடி. அவன் எனக்காகத்தான் உக்காந்திருக்கான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா நினைத்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீயும் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

அக்கா, நான் அம்மாவுக்காக உட்காரவில்லை. எனக்காகக்கூட உட்காரவில்லை. அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இருபது நாள் உச்சந்தலை முதல் பாதம் வரை உடம்பில் எது வந்தாலும் விலகாமல் பார்க்கப் பழகிவிட்டு வந்தவன், அம்மாவின் ஒரு கையைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அது தியானம் என்று அம்மா நம்பினாள். அது ஒளிந்துகொள்வது என்று நீ கண்டுபிடித்தாய். நீ சொன்னதுதான் சரி. முகாம் தொடங்கும்போதே சீலம் என்கிற ஒழுக்க உறுதிகளை எடுத்துக்கொள்கிறோம், அதில் நான்காவது பொய் சொல்லாதிருப்பது. வாயைத் திறக்காமலே அன்று அதை உடைத்தேன். அதற்குப் பிறகு நாலு மாசம் அம்மா இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் "என் பிள்ளை எனக்காகத் தியானம் பண்ணினான், அதான் எழுந்து உக்காந்துட்டேன்" என்றாள். ஒரு தடவைகூட நான் மறுக்கவில்லை. பக்கத்தில் நின்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். பெட்பான் வைத்தது நீ. எழுந்து உட்கார்த்தி வைத்ததும் நீ.

மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பெயரை நான் எடுத்துக்கொண்டதற்காக.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம்பர் உன்னிடம் இருந்தது. முகாம் ஆபீஸ் நம்பர் இரண்டையும் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுத்தான் போனேன். என் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அவசரம் என்றால் இதில் கூப்பிடு என்று இரண்டு தரம் சொன்னேன். அம்மா விழுந்தது முகாமின் ஒன்பதாம் நாள். மிச்சம் பதினொரு நாள் இருந்தது. ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். அம்மாதான் வேண்டாம் என்றாள் என்கிறாய். அம்மா தன் வாழ்நாளில் எதை வேணும் என்று கேட்டாள்? ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டதும், ரத்தத்துக்கு அலைந்ததும், ராத்திரியெல்லாம் பெஞ்சில் படுத்ததும் தனியாக நீதான். அது எனக்குத் தெரியும், யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் தனியாகச் செய்வது என்று முடிவு செய்ததும் நீதான். என்னைக் கூப்பிடாமல் இருந்துவிட்டு, வரவில்லை என்று இரண்டு வருஷம் சொல்லிக்காட்டினாய். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில், அத்தனை பேர் நடுவில். அது இன்னும் வலிக்கிறது.

அந்த ஒன்பதாம் நாள் எனக்கு மனசில் ஒன்றும் தட்டவில்லை, அக்கா. பெற்ற பிள்ளைக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டாயே, தெரியவில்லை. இகத்புரியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீண்ட முகாம்கள் நடக்கிற தம்ம தபோவனத்தில் எனக்குக் கொடுத்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த முகாமிலேயே மனம் நன்றாக அடங்கியிருந்த நாள் அதுதான். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஆசிரியர் ஆகிற அளவுக்கு உனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. இது சாமியார் ஆவது இல்லை. சம்பளம் கிடையாது, காணிக்கை வாங்கக் கூடாது, என் ஆபீஸ் வேலை அப்படியே இருக்கும். கற்றுக்கொடுப்பதுகூட நான் இல்லை. இந்தத் தியானத்தை எங்களுக்குக் கற்றுத்தந்த கோயங்கா அவர்கள் 2013ல் காலமாகிவிட்டார். ஆனாலும் முகாமின் பத்து நாளும் அவருடைய ஒலிப்பதிவுதான் வழி சொல்லும், கூடவே தமிழிலும் வரும். முன்னால் இருக்கிற ஆசனத்தில் உட்கார்ந்து மாணவர்களோடு தியானம் செய்வதும், அவர்கள் சொல்வதைக் கேட்பதும்தான் உதவி ஆசிரியரின் வேலை. முதல் மூன்று நாள் மூச்சு. நான்காம் நாள் மத்தியானம் விபஸ்ஸனா, அதாவது உடம்பில் வரும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. அப்புறம் ஐந்தாறு பேராக முன்னால் அழைத்து, உடம்பில் உணர்ச்சி தெரிகிறதா, எந்தப் பகுதி மரத்துப் போயிருக்கிறது, மனம் சமநிலையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை தனியாகச் சந்திக்க வருவார்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். வீட்டுக்குப் போகணும் என்று அழுவார்கள். பயிற்சியில் இருப்பவன் மூத்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படிக் கேட்கிறார், எங்கே சும்மா இருக்கிறார் என்று பார்த்துப் பழக வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வராது என்று பயமாக இருக்கிறது.

இந்த இடத்துக்கு வர அவசரப்படவும் முடியாது. இருபது நாள் முகாமில் உட்காரவே பத்து நாள் முகாம் ஐந்து, புத்தரின் சதிபட்டான உரையை வைத்து நடக்கிற முகாம் ஒன்று, ஒரு முகாமிலாவது சேவை, இரண்டு வருஷம் விடாத தினசரிப் பயிற்சி என்று கேட்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் மையத்தில் நான் சேவைக்குப் போனபோது, "அம்மாவுக்கு ஒரு நாள் காய் நறுக்கித் தராதவன் ஊராருக்கு நறுக்கப் போறான்" என்றாய். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் வருகிறது. ஆனால் பொய் இல்லை.

முதல் தடவை கேட்டபோது நான் மறுத்ததற்குக் காரணம் வேலைப்பளு என்று சொன்னேன். காரணம் அது இல்லை. கோயங்கா பர்மாவில் வளர்ந்தவர். அங்கே தியான ஆசிரியராக இருந்த சயாஜி ஊ பா கின்னிடம் பதினான்கு வருஷம் கற்றவர். 1969ல் அவர் இந்தியாவுக்கு வந்ததே, உடம்பு சரியில்லாமல் பம்பாயில் இருந்த அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத்தான். முதல் முகாமில் உட்கார்ந்த பதினான்கு பேரில் அவருடைய அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். இந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்போது கேட்டாலும் எனக்கு அந்தக் கருநீலக் கை வந்துவிடும். அவர் அம்மாவுக்காகப் பயணப்பட்டார், நான் அம்மாவை விட்டுவிட்டுப் பயணப்பட்டேன். நான் எப்படி அந்த ஆசனத்தில் உட்காருவது என்று இருந்தது.

இப்போது ஏன் சரி என்றேன் என்று கேட்டால், அன்று நான் செய்தது என்ன என்று என்னால் இப்போது சொல்ல முடிகிறது. மூத்த ஆசிரியரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

அம்மாவை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போன கதையை உனக்குச் சொன்னேனா? நாகப்பட்டினத்தில் கிடைத்த வெண்கலப் புத்தர்களைக் காட்டினேன். ராஜராஜன் காலத்தில் நம் ஊரில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்ததையும், ஆனைமங்கலத்து வருமானத்தை அதற்கு அவன் எழுதிவைத்ததையும் சொன்னேன். அம்மா கண்ணாடிக்குக் கிட்டே போய், "அட, நம்ம ஊர்ப் பிள்ளையா இது" என்றாள். அன்று ராத்திரி பத்து நிமிஷம் என்னோடு மூச்சைக் கவனித்தாள். "வருது, போகுது. இதுல பார்க்க என்னடா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். குலசாமியை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அந்த முகம்தான் வரும். நான் யாரையும் விடவில்லை. எங்களை மதம் மாறு என்று யாரும் சொன்னதும் இல்லை.

போன வருஷம் திதிக்கு வராததும் அப்படித்தான். எள்ளும் தண்ணீரும் விட்டால் என் பயிற்சிக்குக் குறை வந்துவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. அது என் தலைக்கனம். பாப்பாவின் அப்பா கையால் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அத்தானிடம் நேரில் சொல்கிறேன்.

எனக்கு அந்தப் பதினொரு நாளில் நடந்தது தெரியாது, அக்கா. சண்டையில் துண்டு துண்டாக நீ வீசினது தெரியும், முழுசாகத் தெரியாது. விழுந்தபோது அம்மா யாரைக் கூப்பிட்டாள், தஞ்சாவூர் வரைக்கும் எப்படிக் கொண்டுபோனாய், மயக்கம் தெளிந்ததும் முதலில் என்ன கேட்டாள். சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொன்னால் நடுவில் பேசமாட்டேன்.

புதன் ராத்திரி காரைக்கால் வண்டியில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுவேன். காலையிலும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் உட்காருவேன், அதை விட முடியாது, அதற்கு மன்னிப்பும் கேட்கமாட்டேன். ஆனால் கதவைச் சாத்தமாட்டேன். அம்மாவின் கடைசி மாசங்களில் சாத்திக்கொண்டேனே, அப்படி இருக்காது. வேலை இருந்தால் கூப்பிடு, எழுந்து வருகிறேன்.

ஐயருக்குச் சொல்லியாகிவிட்டதா? மழைக்காலம், வாழை இலை கிடைக்குமோ என்னவோ. இங்கிருந்து வாங்கிவர வேண்டியது எதுவும் இருந்தால் பாப்பாவிடம் சொல்லு.

தம்பி