குரோம் கடைக்குக் கொடுத்துவிடாதே

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள முத்து,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தைலம் கிடைத்தது, உன் மனைவிக்கு நன்றி சொல். பொங்கலுக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று நீ குறைப்பட்டுக்கொண்டதாக நெட்டையன் சொன்னான். நேரில் வரும்போது வேண்டிய மட்டும் திட்டிக்கொள். இப்போது எழுதுவது வேறு அவசரத்துக்காக.

அப்பாவின் கருவிப் பெட்டியைக் குரோம் பூச்சுக் கடைக்குக் கொடுக்கப் போகிறாயாமே? பளபளவென்று ஆக்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போவதாகவும் அவன் சொன்னான். முத்து, கொடுத்துவிட்டாய் என்றால் இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடு. கொடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பெட்டி அசையக் கூடாது.

முலாம் பூசுபவர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? சுழலும் மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார். துரு போகும், கூடவே விளிம்புகளும் மழுங்கும். செந்தூல் ரயில் பட்டறையில் அப்பா கையில் வைத்திருந்த மூலைமட்டத்தை நினைத்துப் பார். அதன் உயிரே அந்தச் செங்கோணத்தில்தான் இருக்கிறது. அப்பா தம் கையால் அச்சுக் குத்திய பெயரெழுத்துகள் அதன் பக்கவாட்டில் இருக்கின்றன. அவை ஆழமானவை அல்ல, சக்கரம் பட்டால் போய்விடும். பிறகு அமிலத் தொட்டி. கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறும். கவராயத்தின் வில் ஒருநாள் காரணமே இல்லாமல் ஒடிந்தது போலத் தோன்றும். காரணம் அன்றைய அமிலம். கடைசியில் நிக்கலும் குரோமும் படியும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைப் பார்க்கும் கருவியின் முகத்தில் பூச்சுப் படிந்தால் அது அளவு கருவியே அல்ல. அப்பாவுக்குத் தெரிந்தால் உன்னைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்திருப்பார், நாம் அந்தச் சைக்கிளைப் பிரித்துப் போட்ட அன்று நிற்க வைத்தது போல.

துரு அப்படியே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறது. சில காலமாக என் மனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதுவே நான் எழுதாததற்கும் காரணம்.

இது பழைய துப்பாக்கிக் கைவினைஞர்களின் முறை. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியில் இரு குழல்களையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்று வைத்து இணைத்திருப்பார்கள். துப்பாக்கி இரும்பை வேகமாகக் கறுக்க வைக்க, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 டிகிரி வாக்கில் கொதிக்கும் தொட்டி ஒன்று உண்டு. இரட்டைக்குழலை அதில் முக்கினால் காரம் இடுக்கில் புகுந்து பற்றை அரித்துவிடும். ஆகவே அத்தகைய குழல்களுக்கு மெதுவான வழியையே கையாண்டார்கள்: இரும்பைத் தாங்களே துருப்பிடிக்க விட்டு, அந்தத் துருவையே காப்பாக மாற்றுவது.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். அதன்பின் வெறும் விரல் படக் கூடாது. விரல் பட்ட இடம் கறையாக நிற்கும். துருவேற்றும் கரைசலை மிக மெல்லியதாக ஒருமுறை தடவி, ஈரக் காற்றில் தொங்கவிட வேண்டும். குளிர் நாட்டில் இதற்கென்று ஆவிப் பெட்டி செய்வார்கள். நமக்கு எதற்கு? மழைக்காலத்தில் என் பின்கட்டே போதும். சில மணி நேரத்தில் மெல்லிய செம்பழுப்பு படரும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால், முத்து, அந்தச் சிவப்பு உன் கண்ணெதிரே கறுக்கும்! செந்துரு மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பிறகு பிசுக்கு நீக்கிய மெல்லிய எஃகு நாரால் மேலே உதிரும் தூளை மட்டும் வருடி எடுக்க வேண்டும். மறுபடியும் கரைசல், ஈரம், கொதிநீர், நார். ஆறேழு சுற்று வந்தால் ஆழ்ந்த கருநீலம் படியும். கடைசியில் எண்ணெய் தேய்த்து வைக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வெப்பம் கொதிநீரின் 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. எஃகின் பதம் கெடாது. குத்திய எழுத்து அப்படியே இருக்கும். அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளமும் இருக்கும். ஆனால் மூலைமட்டத்தின் அளவு முகங்களிலும் வெர்னியர் அளவுகோலின் தாடைகளிலும் இதையும் செய்யக் கூடாது. அங்கே எண்ணெயும் பொறுமையும் மட்டும். சுத்தியல் தலை, கவராயத்தின் கால்கள், திருகுச்சாவிகள், இவைதாம் கறுப்பேற்ற ஏற்றவை.

கடையில் புட்டியில் விற்கும் செலினியம் கரைசலை வாங்கித் தேய்க்காதே. உடனே கறுக்கும், கை பட்டுச் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதோடு செலினியம் நஞ்சு. உன் மகன் மின்சாரம் வைத்துத் துரு எடுக்கலாம் என்று சொன்னால், சலவைச் சோடா நீரில் துருப்பிடிக்காத எஃகை எதிர்த்தகடாக வைக்க விடாதே. அதிலிருந்து புற்றுநோய் தரும் குரோமியம் கரைந்து வரும். சாதாரண இரும்புத் தகடே போதும்.

உன் மைத்துனர் தோட்டத்தில் கிடைத்த பழைய துப்பாக்கிப் பாகத்தைக் கறுக்க வைத்துத் தருவேனா என்று கேட்டாராம். முடியாது, முடியவே முடியாது. நம் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உதிரிபாகத்தையும் ஆயுதமாகவே எண்ணுகிறது. உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டது. எனக்குத் துப்பாக்கி வேண்டாம், அந்தக் கைத்திறன் மட்டும் போதும். வேடிக்கை பேசாமல் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகச் சொல்.

போன வாரம் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போயிருந்தேன். ஸ்ரீ ரம்பாய் பீரங்கியில் 1603 என்ற ஆண்டு இன்னும் தெளிவாக இருக்கிறது. வெண்கலம், கடற்காற்றைத் தாங்கிக்கொண்டது. இரும்புக்கு அந்த வலிமை இல்லை, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லோரோங் கூலிட் சந்தையில் ஞாயிறு காலைகளில் குரோம் பூசிய பழைய கருவிகளைப் பார்க்கிறேன். யாருடையவை, எந்தப் பட்டறையில் உழைத்தவை என்று சொல்ல அவற்றில் ஒரு கீறல்கூட மிச்சம் இல்லை. எனக்கு நிஜமாகவே வயிறு கலங்குகிறது.

அடுத்த பள்ளி விடுமுறையில் பெட்டியோடு ரயிலேறி வா. பட்டர்வொர்த்தில் இறங்கிப் பெர்ரி பிடி, நான் படகுத்துறையில் நிற்கிறேன். பிள்ளைகளையும் அழைத்து வா. தாத்தாவின் சுத்தியல் கறுப்பதை அவர்கள் பார்க்கட்டும். அதுவரை எல்லாவற்றிலும் மெல்லிய எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி வை. செய்தித்தாளில் சுற்றாதே, ஈரத்தை இழுக்கும்.

கடையில் கொடுத்துவிட்டாயா இல்லையா என்று இந்தக் கடிதம் கண்டதும் போன் செய். பாதி ராத்திரியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
ராகவன்