தடுப்பூசிச் சான்றை ஆங்கிலத்திலும் முழுத் தேதியுடனும் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சொந்த ஊராகக் கொண்டு, தற்போது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் குடியிருக்கும் ஒரு தாய்
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை,
சென்னை.

பொருள்: அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசிகளுக்கு, கேட்பவர்களுக்கு ஆங்கிலத்திலும் முழுத் தேதியுடனும் முத்திரையிட்ட சான்று வழங்க ஆணையிடக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் மகள் 2021 ஜூன் மாதம் பிறந்தாள். அவளுக்குப் போட வேண்டிய எல்லா ஊசியும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டோம். கொரோனா நேரம், பஸ் சரியாக ஓடாத நேரம். அப்போதும் கிராம சுகாதார செவிலியர் அக்கா முந்தின நாள் சாயங்காலமே போன் போட்டு, "நாளைக்குப் புதன்கிழமை, பாப்பாவைத் தூக்கிட்டு வந்துரு" என்று நினைவுபடுத்துவார். ஒரு தவணைகூட விட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மனு யார் மீதும் புகார் இல்லை. ஊசி போட்டதில் எந்தக் குறையும் கிடையாது. போட்டோம் என்று காட்டுவதற்குத்தான் என்னிடம் ஒழுங்கான காகிதம் இல்லாமல் போய்விட்டது.

2025 பிப்ரவரியில் நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான விசாவில் மெல்போர்ன் வந்தோம். கணவருக்கு வேலை இருந்தது. எனக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டால்தான் நான் வேலைக்குப் போக முடியும். நாங்கள் பார்த்த காப்பகத்தில் ஒரு நாளைக்குக் கட்டணம் 148 டாலர். என் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஆனால் இங்குள்ள மத்திய அரசு, பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து இந்தக் கட்டணத்தில் 90 சதவீதம் வரை மானியமாகத் தருகிறது. அதை நம்பித்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன.

அந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. 2016 ஜனவரி 1 முதல், குழந்தைக்கு வயதுக்கேற்ற தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும், அல்லது விடுபட்ட ஊசிகளை ஈடுகட்டும் அட்டவணையில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவ காரணத்துக்காக விலக்கு பெற்றிருக்க வேண்டும். எங்களுக்குப் பிடிக்கவில்லை, நம்பிக்கை இல்லை என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. மத்திய அரசு இதற்கு 63 நாள் அவகாசமாவது தருகிறது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துச் சட்டமோ காப்பகத்தில் சேர்க்கும்போதே தடுப்பூசி வரலாற்றுத் தாளைக் கேட்கிறது. அந்தத் தாள் ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டிலிருந்துதான் வர வேண்டும். நம் ஊர் தடுப்பூசி அட்டையை நேராகக் காப்பகத்தில் நீட்டினால் எடுபடாது. வெளிநாட்டில் போட்ட ஊசிகளைப் பெற்றோர் தாங்களே அந்தப் பதிவேட்டில் ஏற்றவும் முடியாது. இங்குள்ள மருத்துவரோ செவிலியரோ பழைய ஆவணத்தைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். அம்மா வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் வராது. எழுத்தில் இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகவே எடுத்துக்கொண்டு மறுபடி போடுவார்கள். மறுபடி போட்டாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை என்று செவிலியர் சொன்னார். சரி, ஆனால் ஊசி வாங்குவது குழந்தை அல்லவா?

என் மகளின் அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். என் மாமியார் அதை ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அவ்வளவு பத்திரம். ஆனால் அதற்கு முன்பே, மழைநாளில் ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது பையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. 14-ஆவது வாரக் கட்டத்தில் நீல மை கரைந்து ஒரு மேகம் மாதிரி பரவியிருந்தது. 10-ஆவது வாரக் கட்டத்தில் தேதியே கிடையாது, ஒரு டிக் மட்டும். 6-ஆவது வாரத்தில் "4/8" என்று இருந்தது, ஆண்டு இல்லை. இங்குள்ள செவிலியர் "எந்த ஆண்டு?" என்று கேட்டார். "2021 ஜூனில் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரம் வேறு எந்த ஆண்டில் வரும்?" என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "எனக்குப் புரிகிறது, ஆனால் என் ஊகத்தைப் பதிவேட்டில் எழுத முடியாதே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம் மொழிச் சிக்கல். அட்டை தமிழில் இருந்ததால் மொழிபெயர்த்துக் கொண்டு வரச் சொன்னார்கள். அதற்கே மூன்று வாரம் ஆனது. அட்டையில் அச்சிட்டிருந்த பெயர்கள் ஓரளவு சரியாக வந்துவிட்டன. கையால் எழுதியவைதான் காலை வாரின. "முத்தடுப்பு" என்பது "மூன்று நோய்த் தடுப்பு" என்று ஆங்கிலத்தில் வந்தது. எந்த மூன்று? தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னியா? அல்லது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவா? செவிலியருக்கு இரண்டுமே மூன்றுதான். இதைவிட ஒரு கூத்து, ஒன்பதாம் மாதக் கட்டத்தில் தட்டம்மை ஊசியை "அம்மை ஊசி" என்று யாரோ அவசரத்தில் எழுதியிருந்தது பெரியம்மைத் தடுப்பூசி என்று மொழிபெயர்ப்பாகி வந்தது. 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நோய்க்கு, 2022-இல் என் மகளுக்கு ஊசி போட்டதாக ஓர் ஆவணம் இப்போது என் கோப்பில் இருக்கிறது.

காத்திருந்தால் காப்பக இடமும் போய்விடும், வேலையும் போய்விடும். அதனால் ஈடுகட்டும் அட்டவணையைத் தொடங்கச் சம்மதித்தேன். 6, 10, 14-ஆவது வாரங்களில் போட்ட பென்டாவேலன்ட் ஊசிக்கு (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) சரியான ஆதாரம் இல்லாததால் இரண்டு தவணையை மறுபடி போடுவதாக முடிவானது. முதல் நாளில் ஒரே அமர்வில் மூன்று ஊசி. இரண்டு கையிலும் தொடையிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, அன்று ராத்திரி காய்ச்சலில் புரண்டாள். 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விடுபட்ட ஊசிகளை இந்த நாட்டில் இலவசமாகவே போடுகிறார்கள், அதனால் பணம் போகவில்லை. ஆனால் மார்ச்சில் சேர வேண்டிய வேலையில் ஏழு வாரம் கழித்துத்தான் சேர முடிந்தது.

இதற்கிடையில் ஊரில் நடந்ததைச் சொன்னால்தான் என் கோரிக்கை விளங்கும். என் மாமியார் மூன்று புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தார். பழைய செவிலியர் அக்கா மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பாவம், கூட்டத்தை வைத்துக்கொண்டு பழைய பதிவேட்டைத் தேட நேரமில்லாமல் இரண்டு தடவை "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது வாரம் அவரே அலமாரியிலிருந்து அந்த நீள நோட்டை இறக்கி, என் மகளின் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 04.08.2021, 01.09.2021, 29.09.2021. மூன்று தேதியும் முத்து முத்தாக இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் முத்திரையும் கையெழுத்தும் இல்லாத படத்தை ஏற்க முடியாது என்று இங்கே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அங்குள்ள மருத்துவ அலுவலரிடம் என் மாமியார் போய் நின்றார். அவர் நோட்டைப் பார்த்தே ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் ஊசியின் பெயர், தேதி, தவணை எண் என்று வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நிலைய முத்திரையும் குத்திக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. அந்த ஒரு தாள் வந்த அன்றே இங்குள்ள செவிலியர் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். இரண்டாவது மறு ஊசி தேவையில்லாமல் போனது. முதலாவது ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அதை என்ன செய்ய?

அந்த மருத்துவ அலுவலர் மனது வைத்தார், நடந்தது. அவர் விடுப்பில் இருந்திருந்தால்? "இதற்கெல்லாம் எங்களுக்கு ஆணை இல்லை" என்று அவர் சொல்லியிருந்தாலும் தப்பில்லை, ஏனென்றால் உண்மையிலேயே அவர் கையில் ஒரு படிவமும் இல்லை. ஒருவர் மனது வைத்தால் கிடைக்கும் அந்தத் தாளை, கேட்ட எவருக்கும் கிடைக்கிற தாளாக்குங்கள் என்பதுதான் என் மனு.

ஒரு பக்கப் படிவம் போதும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கர்ப்பப் பதிவின்போது தந்த 12 இலக்க எண். கீழே ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு வரி: எந்தெந்த நோய்களுக்கானது என்று ஆங்கிலத்தில், எத்தனையாவது தவணை, நாள், மாதம், நான்கு இலக்கத்தில் ஆண்டு. மருந்தின் தொகுதி (பேட்ச்) எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் மருத்துவ அலுவலரின் கையெழுத்து, முத்திரை. பெற்றோர் ஊரை விட்டுப் போயிருந்தால் அவர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு தாத்தா பாட்டி வந்து வாங்கவும், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கவும் வழி வேண்டும். அட்டை தொலைந்தவர்களுக்கும் மை கரைந்தவர்களுக்கும் பதிவேட்டைப் பார்த்தே இதைத் தர வேண்டும். என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. நாலு தடவை நடந்தார்.

இது நடக்காத காரியமில்லை. நம் மாநிலத்தில் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தேதான் வருகிறது. 2021-இல் கொரோனா ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயர், தேதி எல்லாம் போட்ட சான்றிதழ் கைபேசிக்கே வந்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு முழுப் பிறந்த தேதியோடு தனி வடிவமே கொடுத்தார்கள். வயலில் வேலை செய்யும் என் மாமனாரின் போனில்கூட அது இன்னும் இருக்கிறது. அவர் எங்கேயும் போகப் போவதில்லை. கடல் கடந்து வந்த அவருடைய பேத்திக்குத்தான் அப்படி ஒன்று இல்லை. இப்போது மத்திய அரசின் யூ-வின் என்ற தடுப்பூசிப் பதிவு இணையதளத்தில் பதிவாகும் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை குறையும் என்று நம்புகிறேன். அதற்கு முன்பு பிறந்து, நோட்டில் மட்டும் இருக்கிற குழந்தைகளுக்காகத்தான் கேட்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை-ருபெல்லா ஊசி உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் கிடையாது. ஒரு வயதில் இங்கு போடும் மெனிங்கோகாக்கல் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பு ஊசியும் கிடையாது. நாம் ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசியை இங்கு கணக்கில் சேர்ப்பதில்லை, ஒரு வயதுக்கு மேல் போட்டதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றை இலவசமாகப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நோய், அதன் செலவுக் கணக்கு. ஆனால் "வெளிநாடு போகிறோம்" என்று சொல்லி அந்தச் சான்றை வாங்க வருகிறவர்களிடம், "அங்கே வேறு சில ஊசிகளும் கேட்பார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று செவிலியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சிட்டாலும் சரி. எனக்கு அது தெரிந்திருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே மதுரையில் பணம் கொடுத்து இரண்டு ஊசியைப் போட்டிருப்பேன், ஒரே நாளில் மூன்று ஊசி என்ற நிலை வந்திருக்காது.

விமானம் ஏறிப் போனவர்களுக்கு எதற்குச் சலுகை என்று தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தோன்றலாம். எனக்கும் ஊரில் இருந்திருந்தால் தோன்றியிருக்கும். என் மகளுக்கு அரசு மருந்து, அரசு ஊசி, அரசுச் செவிலியரின் உழைப்பு எல்லாம் செலவாகியிருக்கின்றன. சான்று இல்லாததால் அதில் ஒரு பகுதி இங்கே போடாததாக எழுதப்பட இருந்தது. இது என் குடும்பத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் இதைச் சொன்னபோது, சுற்றி நின்ற நான்கு தாய்மார்களும் தங்கள் அட்டைக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள்.

எனவே, மேற்கண்ட படிவத்தை வகுத்து, கோருபவர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் வழங்கும்படி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த மருத்துவ அலுவலர் எழுதிக் கொடுத்த தாளின் நகலை, அவர் பெயரையும் நிலையத்தின் பெயரையும் மறைத்து இணைத்திருக்கிறேன். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

இடம்: மெல்போர்ன்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மகளின் தடுப்பூசி அட்டை நகல், மருத்துவ அலுவலர் எழுதிய சான்றின் நகல், "பெரியம்மை" மொழிபெயர்ப்பின் நகல்.