ஈரக் குப்பையை எரித்து என்ன மின்சாரம் எடுக்க முடியும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து 21 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் மாநகராட்சித் திட்டத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். மணலி, எண்ணூர் ஆலைகளின் காற்றை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கிற எங்களுக்குப் புகையைப் பற்றிய பயம் வருவது நியாயம்தானே? ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நம் வீட்டுக் குப்பை எரியுமா?

அதில் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவு. காய்கறித் தோல், மீன் செதில், மிச்சச் சோறு, வாழை இலை. இதில் முக்கால்வாசி தண்ணீர். டன்னுக்கு 700 கிலோ தண்ணீர் என்று வைத்தாலும், அதை ஆவியாக்குவதற்கே 500 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போய்விடும். ஈர விறகை வைத்து ஊதி ஊதி அடுப்பெரித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டெல்லி திமார்பூரில் 1987-ல் டென்மார்க் தொழில்நுட்பத்தோடு தினமும் 300 டன் எரிக்கும் உலையைக் கட்டினார்கள். 3.75 மெகாவாட் கிடைக்கும் என்றார்கள். வந்து சேர்ந்த குப்பையில் எரிவதற்கான சத்து இல்லை. சில வாரங்களிலேயே உலை நின்றுபோனது. நன்றாக எரியும் உலையிலும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். அதைக் கொட்ட மறுபடியும் ஒரு கிடங்கு வேண்டும்.

அதே சமையலறைக் கழிவைப் பிளாஸ்டிக் கலக்காமல் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்க விட்டால், சாண எரிவாயு போன்ற உயிரி எரிவாயு டன்னுக்குச் சுமார் 100 கனமீட்டர் கிடைக்கும். மூன்று வீட்டு சிலிண்டருக்கு நிகரான எரிபொருள் அது. மிஞ்சும் கசடு உரமாகும். உலைக்கு இடைஞ்சலாக இருக்கிற தண்ணீர் இங்கே வேலைக்கு உதவுகிறது. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவுக்காக நாளொன்றுக்கு 30 டன் கொள்ளும் ஆலையைச் சென்னை எப்போதோ கட்டிவிட்டது. ஆகவே இது நமக்குப் புதிய வித்தை இல்லை.

அப்புறம் கரி. இதைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கு அதிக ஆசையும் இதில்தான். தேங்காய்ச் சிரட்டை, காய்ந்த இளநீர் மட்டை, தென்னை ஓலை, தோட்டத்தில் வெட்டிய கிளை எல்லாம் நம் தெருக் குப்பையில் குவிகின்றன. இவற்றைக் காற்று இல்லாத கலத்தில் 500 டிகிரி வரை சூடாக்கினால், வெளியேறும் வாயு எரிபொருளாகிறது. அந்த வெப்பமே கலத்தைச் சூடாக வைத்திருக்கப் போதும். உள்ளே எடையில் கால் பங்கு கரியாகத் தங்குகிறது. எரித்திருந்தால் முழுக்க வானத்துக்குப் போயிருக்கும் கார்பனில் பாதி இப்படிக் கையில் நிற்கிறது. மண்ணில் போட்டால் அது நூற்றாண்டுகள் மக்காமல் கிடந்து நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். சிரட்டைக் கரியை இன்னும் ஒரு படி மேலே, 900 டிகிரி வாக்கில் நீராவியில் பதப்படுத்தினால் நுண்துளைகளின் பரப்பே கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் வரும் செறிவூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஆகிவிடும். வீட்டுத் தண்ணீர் வடிகட்டிக்குள் இருப்பதும், தங்கச் சுரங்கத்தில் தங்கத்தைப் பிடிப்பதும் இதுதான். காங்கயம் பக்கம் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஏராளம். ஆனால் அங்கே சில இடங்களில் திறந்த குழியில் கரி சுட்டு, நிலத்தடி நீர் கெட்டுப்போனதாக ஊர்க்காரர்கள் போராடியதையும் மறக்கக் கூடாது. மூடிய கலம், புகையைப் பிடித்து எரிக்கும் அமைப்பு, இரண்டும் இல்லாமல் கரி ஆலை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

கலப்புக் குப்பையிலிருந்து கரி எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். பேட்டரி, சாயத் துணி, பிவிசி எல்லாம் சேர்ந்து வெந்த கரியில் ஈயமும் காட்மியமும் தங்கிவிடும், அதை வயலில் போடவே முடியாது. மறுசுழற்சிக்கு உதவாத காய்ந்த பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்தால் சிமென்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மறுசுழற்சி ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பமதிப்பு (எரித்தால் கிடைக்கும் வெப்பம்) உள்ள கழிவைக் கிடங்கில் கொட்டாமல் எரிசக்திக்கே அனுப்ப வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன.

சரி, எங்கள் கோரிக்கை இதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, மாநகராட்சி மண்டலவாரியாகக் குப்பையின் ஈரப்பதத்தையும் வெப்பமதிப்பையும் அளந்து வெளியிடட்டும். கோடையில் மட்டும் அளந்தால் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய குப்பையையும் அளக்க வேண்டும். தினமும் 2,100 டன் தந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, குறைந்தால் அபராதம் உண்டா என்பதும் தெரிய வேண்டும். அப்படி ஒரு நிபந்தனை இருந்தால், தெருவில் தரம் பிரிப்பது நன்றாக நடக்க நடக்க மாநகராட்சிக்கு நஷ்டம் வரும். உங்கள் செய்தியாளர்கள் இந்தக் கேள்விகளை அதிகாரிகளிடம் கேட்டு, பதிலை அச்சிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எருக்கஞ்சேரி, சென்னை