பாஸ் தூண்டிலும் நம்மூர் விராலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் இளைஞர்கள் நவீனத் தூண்டிலோடு அலைவதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். படம் அருமை. ஆனால் படத்திலிருக்கும் தம்பி நிற்பது, கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிற மடைக்கு நேர் மேலே. பாசனப் பிரிவில் லஸ்கராக, அதாவது மடையையும் கால்வாயையும் பார்த்துக்கொள்கிற ஊழியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மீனுக்கு முன்னால் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. மடை திறந்திருக்கும்போது அடியில் இழுக்கிற இழுப்பு மேலே தெரியாது. தண்ணீர் தூங்குவதுபோல் இருக்கும். கால் வழுக்கினால் ஆளை உள்ளே வாங்கிவிடும். மடையிலிருந்து இருபது அடியாவது தள்ளி நில்லுங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், அப்படியே மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

இந்தப் பிள்ளைகள் செல்போனில் பார்ப்பதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோ. என் தம்பி மகனும் அப்படித்தான் ஆரம்பித்தான். பாஸ் என்பது வட அமெரிக்க ஏரிகளில் வாழும் அகல வாய் மீன், பச்சை முதுகு. அங்கே அதற்கென்று கடைகள், போட்டிகள், படகுகள் என்று ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், அதுதான் உலகச் சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் அதே அளவுக்கு ஒன்றைப் பிடித்துச் சாதனையைச் சமன் செய்தார்.

ஜப்பானில் அது எப்படி வந்தது? 1925-ல் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். அது அங்குள்ள சின்ன மீன்களையெல்லாம் தின்று பெருகி, இந்த நூற்றாண்டில் அதை உயிரோடு எடுத்துச் செல்லவோ தண்ணீரில் விடவோ கூடாது என்று சட்டமே போட வேண்டியதாயிற்று. தம்பி மகனின் நண்பன் ஒருவன், "வைகை டேம்ல நாலு பாஸ் குஞ்சு விட்டா என்ன பெரியப்பா?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். 1952-ல் நாட்டுக்குள் வந்த ஜிலேபி மீன் இன்று எந்தக் கண்மாயில் இல்லை? தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஆங்காங்கே கிடக்கிறது. அயிரையும் ஆராலும் இருக்கிற தண்ணீரில் இன்னொரு வாய் வேண்டாம்.

தேவையும் இல்லை. பாஸ் செய்கிற வேலையெல்லாம் நம் விரால் செய்யும். பாசிக்கடியில் பதுங்கும், தவளை தாண்டினால் பாயும், குஞ்சைக் காவல் காக்கும். அதனால் பாஸ் பிடிக்கிற சாமான்களில் பாதி இங்கே அப்படியே உதவும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

தம்பி மகன் முதலில் வாங்கியது பெய்ட்காஸ்டிங் ரீல், கம்பில் மாட்டித் தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கிற உருளையில் ஒரு வகை. வீடியோவில் எல்லாரும் வைத்திருப்பது அதைத்தான். வீசும்போது உருளை வேகமாகச் சுற்றி நரம்பு கூடுகட்டிவிடும். கட்டை விரலால் அடக்கத் தெரிய வேண்டும். அவன் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்த நேரம்தான் அதிகம். புதிதாக வருகிறவர்கள் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், 3000 அளவு போதும். தூண்டில் கம்பு ஆறரை அடி முதல் ஏழு அடி, மீடியம் ஹெவி. நுனி மட்டும் கொஞ்சம் வளைய வேண்டும், அடி விறைப்பாக இருக்க வேண்டும். நுனி தொளதொளவென்று இருக்கிற கம்பு கெண்டைக்குச் சரி. விராலைத் தாமரைக் கொடிக்குள்ளிருந்து இழுக்க அது ஆகாது.

நரம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீளும். தூண்டில் முள் ஏறுவதற்குள் மீன் கொடிக்குள் போய்விடும். பின்னல் நரம்பு, 40 பவுண்டு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஏறக்குறைய 18 கிலோ இழுவை தாங்கும். இரண்டு கிலோ மீனுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பார்கள். மீனோடு கூடவே ஐந்து கிலோ பாசியும் வரும் என்பதால்தான்.

அப்புறம் பொம்மைத் தவளை. உயிர்த் தவளையைப் பிடித்து முள்ளில் குத்துகிற பழக்கத்தை விட்டுவிடலாம், ரப்பர் தவளை அதைவிட நன்றாக வேலை செய்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு, முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள். பாசிமேல் இழுத்தால் மாட்டாது, மீன் கடித்தால் உடல் அமுங்கி முள் வெளியே வரும். ஆனால் பாக்கெட்டிலிருந்து எடுத்தபடியே வீசாதீர்கள். முள்ளை இரண்டு விரலால் பிடித்து, உடம்பை விட்டு ஒரு நூலளவு மேலே தூக்கி வளையுங்கள். வால் குஞ்சத்தின் இரண்டு பக்கமும் சம நீளமாக இருந்தால் நேராகத்தான் வரும். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கத்தரித்தால் சின்னச் சின்ன வெட்டுப் போட்டுக்கொண்டு வரும். நாலைந்து வீச்சுக்கு ஒரு முறை கையில் எடுத்து வயிற்றை அமுக்குங்கள், உள்ளே புகுந்த தண்ணீர் பீய்ச்சும். தண்ணீர் நிறைந்த தவளை பாசியில் அமிழ்ந்துபோகும்.

கடித்தவுடன் சுண்டாதீர்கள். எல்லாரும் தோற்பது இங்கேதான். தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்டதும் கை தானாகத் தூக்கும். தவளை மட்டும் பறந்து முகத்துக்கு வரும். ஒரு மூச்சு விட்டு, நரம்பு கனத்து இழுபடுவது கையில் தெரிந்த பிறகு, இடுப்போடு சேர்த்து ஒரே இழுப்பு.

படகு விஷயம் சுருக்கமாக. பாஸ் படகு என்பது பதினெட்டு, இருபது அடி ஃபைபர் படகு. பின்னால் பெரிய மோட்டார், முன்னால் சத்தமில்லாத பேட்டரி மோட்டார், மீனை உயிரோடு வைக்கத் தொட்டி, அடியைக் காட்டும் கருவி. கடல்போல் கிடக்கிற ஏரிகளுக்கு அது சரி. நம் கண்மாய்க்குக் கரை போதும். லாரி டியூபைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வண்டல் எடுத்த பள்ளங்கள் உள்வாயில் எங்கெங்கே இருக்கின்றன என்று மேலேயிருந்து தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடக்கிறவன் அடுத்த அடியில் ஆளளவுக்குப் போய்விடுவான். நாட்டுக் கருவேல முள்ளில் டியூப் கிழிந்தால் அவ்வளவுதான். பரிசல் நல்ல சாதனம், ஆனால் துடுப்புப் போடத் தெரியாதவனுக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும், அணைத் தண்ணீரில் காற்று எழுந்தால் ஆபத்து. ஏறினால் பரிசல்காரரோடு ஏறுங்கள், அனுமதியோடு ஏறுங்கள், மிதவை உடுப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீன் கிடைக்கிற நல்ல தண்ணீரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அந்தச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். நான் வேலை பார்த்த காலத்தில் கற்றதைச் சொல்கிறேன். கால்வாய்த் தண்ணீர் வருகிற கண்மாய் வேறு, மானாவாரிக் கண்மாய் வேறு. வைகையாற்றில் உள்ள பேரணையிலிருந்து வருகிற பெரியாறு பிரதானக் கால்வாயில், கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணையில் இருப்பு இருந்தால் இருபோகத்துக்கு ஜூனிலும், ஒருபோகத்துக்குச் செப்டம்பர் வாக்கிலும் திறப்பது வழக்கம். இந்தப் பாசனத்தில் நிறைகிற கண்மாய்களில் தண்ணீர் அதிக நாள் நிற்கும், விராலும் வயது ஏறிக் கனக்கும். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. கோடையில் வற்றினால் ஈரம் இருக்கிறவரை விரால் சேற்றுக்குள் கிடக்கும், அதற்குமேல் இல்லை. அங்கே குறவையும் சின்ன விராலும்தான் கிடைக்கும்.

கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் போகிறபோது தூண்டில் போடுவது வீண். மீன் வயல்வரை பரந்து கிடக்கும். தண்ணீர் பாதியாக இறங்கியதும் போங்கள். அப்போது விரால் மடைக்கு முன்னாலுள்ள பள்ளத்துக்கும், கருவேல மரத்தின் தூருக்கும், தாமரை ஓரத்துக்கும் ஒதுங்கும். விரால் காற்றைக் குடிக்கிற மீன். கரையில் ஒரு கால் மணி நேரம் தூண்டிலைத் தொடாமல் உட்கார்ந்தால், எது எங்கே மேலே வந்து மூச்சு வாங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வேகமாக வந்து படக்கென்று போனால் சின்னது. சத்தமில்லாமல் தண்ணீரைத் தள்ளிவிட்டு இறங்கினால் பெரியது.

செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கும்பல் நுரைபோல் கொதிப்பதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன, எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். அதைப் பிடித்து ஃபோட்டோ போடுவதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இல்லை. இரண்டு நாளில் அந்தக் குஞ்சுகளை நீர்க்காகமும் ஜிலேபியும் காலி செய்துவிடும்.

ஆற்றில் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று. வைகை அணையின் முழு அளவு 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது வந்துவிட்டால் உபரியை ஆற்றில் விடுவார்கள். அந்த நாட்களில் சோழவந்தான் பக்கம் ஆற்றுக்குள் கால் வைக்காதீர்கள்.

இனி உண்மையான சிக்கல். கண்மாய் ஊருக்குப் பொது என்றாலும் மீன் பொது அல்ல. மீன்பாசிக் குத்தகை என்று ஒன்று இருக்கிறது; ஏலத்தில் எடுத்தவருக்கு அந்தப் பசலிக்கு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரைக்கும், மீன் சொந்தம். சென்ற வருடம் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் தம்பி மகனின் கம்பையும் ரீலையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். நான் போய்ப் பேசினேன். குத்தகைக்காரர், "குஞ்சு விட்டது நான், பிடிச்சுட்டுப் போறது இவரா?" என்றார். நியாயம்தான். ஆனால் அவர் விட்டது கட்லா, ரோகு, மிர்கால். விராலை அவர் விடவில்லை, அது தானாக வந்தது. தானாக வந்து அவர் விட்ட குஞ்சைத்தான் தின்கிறது. அப்படியானால் விரால் பிடிக்கிறவன் அவருக்கு உபகாரம் செய்கிறான் அல்லவா என்றேன். சிரித்துவிட்டு, "விரால் கிலோ என்ன விலைன்னு தெரியுமாண்ணே?" என்றார். கட்லாவைவிடப் பல மடங்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில், பிடித்த விராலை எடை போட்டு மார்க்கெட் விலையில் பாதி கொடுப்பது, சிறிய மீனைத் திரும்ப விடுவது என்று பேசிமுடித்தோம். கம்பு திரும்பி வந்தது. இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பையன்கள் அங்கே போகிறார்கள், குத்தகைக்காரரே டீ வாங்கிக் கொடுக்கிறார்.

இது எல்லாக் கண்மாயிலும் வாய்ப்பேச்சில் நடக்காது. யார் குத்தகைக்காரர் என்பதே வெளியூர்க்காரனுக்குத் தெரிவதில்லை. சில கண்மாய் பஞ்சாயத்தில் ஏலம் போகிறது, சிலது மீன்வளத்துறையில். அதனால் மாவட்ட நிர்வாகத்துக்கு என் கோரிக்கை: ஒவ்வொரு கண்மாயிலும் கலுங்குக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். குத்தகை எடுத்தவர் பெயர், பசலி, தூண்டிலுக்கு ஒரு நாள் சீட்டு எவ்வளவு, வண்டல் எடுத்த பள்ளம் எந்தப் பக்கம், மடை திறந்திருக்கிறதா என்ற ஐந்து விஷயம் அதில் இருந்தால் போதும். சீட்டுப் பணம் குத்தகைக்காரருக்கே போகட்டும். அறுந்த நரம்பைக் கண்மாயில் விட்டுப் போகிறவனுக்கு அடுத்த முறை சீட்டு இல்லை என்றும் எழுதுங்கள். கொக்கின் காலில் சுற்றிய பின்னல் நரம்பை அறுத்து எடுப்பது லேசான வேலை இல்லை; நான் செய்திருக்கிறேன், அது கொத்தும்.

ஏலம் புதிதாக விடுகிற ஜூலைக்கு முன்னால் இதை நிபந்தனையில் சேர்த்தால், அடுத்த பசலியிலிருந்தே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசன லஸ்கர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.