கருஞ்சிட்டுக்கு முதுகு என்ன நிறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் வந்த கருஞ்சிட்டு பற்றிய குறிப்பு அருமை. படம்தான் இடிக்கிறது. அதிலுள்ள ஆண் குருவிக்கு முதுகு பழுப்பு. எங்கள் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் அப்படியொரு ஆணைத் தேடினாலும் கிடைக்காது. இங்கே அதற்கு உச்சந்தலை தொட்டு வால் நுனி வரை கறுப்பு. வெயில் பட்டால் நீலம் ஓடும். தோளில் வெள்ளைத் தீற்றல், தூக்கிப் பிடித்த வாலுக்கு அடியில் செங்கல் நிறம். பழுப்பு உடம்பு பெண்ணுக்குத்தான். அதற்குத் தோளில் வெள்ளையும் இல்லை.

நீங்கள் போட்டது வட இந்தியப் பறவையின் படம். கருஞ்சிட்டில் 5 துணையினங்கள் சொல்கிறார்கள். வடக்கே இருக்கும் 'கம்பாயென்சிஸ்' ஆணுக்கு முதுகு பழுப்பு. தெற்கே வர வர அந்தப் பழுப்பு குறைந்துகொண்டே வந்து, நம் 'ஃபுலிகேட்டஸ்' துணையினத்தில் முழுக் கறுப்பாகிவிடுகிறது. கடலைத் தாண்டினால் இலங்கையில் 'லியூகோப்டெரஸ்'. இது வலசை போகிற பறவையும் இல்லை. ஆகவே வடக்கத்திய ஆண் குளிர்காலத்தில் இங்கே வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

ஊர் மாறிப்போவது இதற்குப் புதிதல்ல என்பதும் வேடிக்கை. 1766-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது பிலிப்பைன்ஸ் பறவை என்றே நம்பியிருந்தார்கள். பிற்பாடுதான் புதுச்சேரி என்று திருத்தினார்கள்.

குறிப்பில் 'குமரி மாவட்டம் முழுவதும்' என்று எழுதியிருப்பதையும் கொஞ்சம் சுருக்கலாம். கருஞ்சிட்டுக்கு வறண்ட வெட்டவெளி வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளின் அடியில், உடைமரக் காட்டில், கல் அடுக்கிய வரப்பில் தாராளமாகத் தத்தித் திரியும். சுவர்ப் பொந்தில் கூடு கட்டும். உள்ளே நாரோடு ஆட்டு மயிர், சில சமயம் பாம்புச் சட்டைகூட இருக்கும். மழை கூடிய கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரப்பர் விளைகளில் இதைப் பார்ப்பது அபூர்வம். அங்கே வீட்டுப் பின்புறம் விடியலில் பாடுவது பெரும்பாலும் குண்டுகரிச்சான். அதற்கு வயிறு வெள்ளை, சிறகில் நீளமான வெள்ளைப் பட்டை. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று நினைப்பதற்கு இப்படிப்பட்ட படங்களும் ஒரு காரணம்.

அடுத்த வாரமே தென்னகத்து ஆண், பெண் இரண்டின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூட்டுக்கு அருகில் எடுத்த படம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரல்வாய்மொழி, குமரி மாவட்டம்.